பங்குத் தரகரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? ‘ஜீரோ புரோக்கரேஜ்’ கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தேங்காயோ தக்காளியோ மண்டிக்குப் போடுகிறவர்களுக்குக் கமிஷன் புதிதல்ல. கமிஷன், இறக்குக்கூலி என்று கழித்துக்கொண்டே போய்ச் சீட்டின் அடியில் நிற்கும் தொகைதான் கணக்கு. பங்குத் தரகர் எடுக்கும் கமிஷனுக்குப் பெயர் புரோக்கரேஜ். அவரையும் அதே கண்ணோடு பாருங்கள். ஒரு முறை வாங்கி விற்றால் மொத்தம் எவ்வளவு கழிகிறது? கேள்வி அவ்வளவுதான்.

படி 1: பதிவைச் சரிபாருங்கள்

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் தளத்தில் தரகர் பட்டியல் இருக்கிறது. பதிவு எண் ‘ஐஎன்இசட்’ என்று தொடங்கும். ஆப்பின் பெயரை வைத்துத் தேடாதீர்கள், அதன் அடியில் பொடி எழுத்தில் உள்ள கம்பெனிப் பெயரை வைத்துத் தேடுங்கள். பொள்ளாச்சியிலோ பாலக்காட்டிலோ சின்ன ஆபீஸ் வைத்திருப்பவர் பெரும்பாலும் தரகராக இருக்கமாட்டார். தரகரின் ‘ஆத்தரைஸ்டு பெர்சன்’, அதாவது முகவர். அவர் கையிலோ அவருடைய ஜிபே எண்ணிலோ பணம் தரக்கூடாது. உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேராகத் தரகர் கம்பெனியின் கணக்குக்குத்தான் போக வேண்டும்.

படி 2: கணக்குப் போடுங்கள்

20,000 ரூபாய்க்குப் பங்கு வாங்கி, சில மாதம் வைத்திருந்து, அதே விலைக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். எந்தத் தரகரிடம் போனாலும் மாறாதவை இவை:

எஸ்டிடி (பங்கு வாங்கி விற்பதற்கான அரசு வரி) 0.1%: வாங்கும்போது 20 ரூபாய், விற்கும்போது 20 ரூபாய்.
முத்திரைத் தீர்வை 0.015%: வாங்கும்போது மட்டும் 3 ரூபாய்.
எக்ஸ்சேஞ்ச் (பங்குச் சந்தை) கட்டணம்: லட்சத்துக்குச் சுமார் 3 ரூபாய். இங்கே ஒவ்வொரு பக்கமும் 60 பைசா. செபி கட்டணம் இதைவிடச் சொற்பம்.

(முத்திரைத் தீர்வை 2020 ஜூலைக்கு முன்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறியது. இப்போது நாடு முழுக்க ஒரே விகிதம். எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்டுக்கு எந்தப் பக்கம் குடியிருந்தாலும் ஒன்றுதான்.)

மாறுவது புரோக்கரேஜும் டிபி கட்டணமும். டிபி கட்டணம் என்பது டீமேட் கணக்கிலிருந்து (உங்கள் பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) பங்கு வெளியே போவதற்கான கூலி. விற்கும்போது மட்டும் வரும். அது 15 ரூபாய், 18% ஜிஎஸ்டியோடு 17.70 என்று வைப்போம்.

புரோக்கரேஜ் 0.5% கேட்கும் தரகரிடம் இரண்டு பக்கமும் சேர்த்து 200 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 36. மற்றவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ 298 ரூபாய். பங்கு 1.5% ஏறினால்தான் போட்ட பணமே திரும்பும். டெலிவரிக்கு (வாங்கிய பங்கை அன்றே விற்காமல் வைத்திருப்பதற்கு) ‘ஜீரோ’ என்பவரிடமும் சுமார் 62 ரூபாய் கழியும். ஜீரோ என்பது புரோக்கரேஜுக்கு மட்டும்தான்.

சிறு தொகைக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும். சதவீதமாக இல்லாமல் ஆர்டருக்கு 20 ரூபாய் என்று வாங்கும் தரகரிடம் 2,000 ரூபாய்ப் பங்கு என்றால் வாங்க 1%, விற்க 1%, மேலே ஜிஎஸ்டி. டிபி கட்டணமும் தொகையைப் பார்ப்பதில்லை. ஒரு கம்பெனிப் பங்குக்கு ஒரு நாளைக்கு ஒரு முறை. 40 பங்கை ஒரே நாளில் நாலு தடவையாக விற்றாலும் 17.70 தான். நாலு நாளில் பத்துப் பத்தாக விற்றால் 70.80. புதியவர்கள் காசு விடும் இடம் இதுதான்.

படி 3: விலைப்பட்டியலின் அடிப்பகுதியைப் படியுங்கள்

ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம்: உங்கள் பெயரில் ஒரே டீமேட் கணக்கு, அதில் 4 லட்சம் வரை மதிப்பு என்றால் ‘பிஎஸ்டிஏ’ என்ற அடிப்படைச் சேவைக் கணக்கு வகையில் இது கிடையாது. ஆஃபருக்காக இரண்டாவது கணக்குத் திறந்தால் சலுகை போய்விடும்.

போனில் ஆர்டர் சொன்னால் தனிக் கட்டணம் உண்டா என்று பாருங்கள். எம்டிஎஃப் என்பது கடனில் வாங்குவது. வட்டி தினமும் ஏறும். ஆர்டர் போடும் திரையில் அது முன்பே டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

படி 4: கணக்குத் திறப்பது

நம் ஆட்களுக்கு விண்ணப்பம் நிற்பது இனிஷியலில்தான். ஆதாரில் ‘செல்வி ஆ’, பேனில் ‘ஆறுமுகம் செல்வி’, பாஸ்புக்கில் ‘ஏ. செல்வி’ என்றிருந்தால் பெயர் பொருந்தாமல் திரும்பி வரும். மூன்றிலும் ஆங்கில எழுத்துகளை ஒப்பிட்டுத் திருத்திய பிறகு தொடங்குங்கள். நாமினியை அப்போதே சேர்த்துவிடுங்கள். கஸ்டமர் கேரில் தமிழ் உண்டா என்றும் கேளுங்கள். கேரள முகவரியைப் பார்த்ததும் மலையாளத்தில்தான் கூப்பிடுவார்கள்.

படி 5: ஒரே ஒரு பங்கு வாங்கிப் பாருங்கள்

24 மணி நேரத்துக்குள் மெயிலில் கான்ட்ராக்ட் நோட் வரும். அதுதான் உங்கள் மண்டிச் சீட்டு. புரோக்கரேஜ், எஸ்டிடி, முத்திரைத் தீர்வை, ஜிஎஸ்டி தனித்தனியாகப் போட்டிருக்கும். நீங்கள் போட்ட கணக்கோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். டிபி கட்டணம் அதில் இருக்காது. பங்கை விற்ற பிறகு லெட்ஜரில் (தரகரிடம் உள்ள உங்கள் வரவு செலவுக் கணக்கில்) தேடுங்கள். புரியாத பிடித்தம் ஏதாவது இருந்தால் மெயிலில் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை.