பழைய காரில் மெக்கானிக்கல் பிரேக் லைட் சுவிட்ச் பொருத்துவது எப்படி?

மோரிஸ் மைனர், ஆரம்பகால எம்ஜிபி, ஃபோக்ஸ்வேகன் பீட்டில் மாதிரியான பழைய கார்களில் பிரேக் லைட்டை எரியவைப்பது பெடல் அல்ல, பிரேக் ஆயிலின் அழுத்தம். ஆயில் லைனில் ஒரு சின்ன சுவிட்ச் திருகப்பட்டிருக்கும். பெடலை மிதித்ததும் ஆயில் அதற்குள் இருக்கும் மெல்லிய சவ்வைத் தள்ளும், இரண்டு தகடுகள் ஒட்டும், லைட் எரியும். நாளாக ஆக அந்தத் தகடுகள் பொறி பறந்து கருகிப்போகும். லைட் எரிய இன்னும் கொஞ்சம் பலமாக மிதிக்க வேண்டியிருக்கும். சிக்னலில் மெதுவாக மிதித்து நிற்கும்போது பின்னால் எதுவுமே எரியாது. ஓட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது என்பதுதான் மோசம். சில சுவிட்சுகள் ஆயிலையும் கசியவிடும்.

மெக்கானிக்கல் சுவிட்சுக்கு ஆயிலோடு சம்பந்தமில்லை. பெடல் அசைந்தாலே லைட் எரியும், அதுவும் பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே. அரை நாள் வேலை. ஸ்பேனர், டிரில், மல்டிமீட்டர், கொஞ்சம் ஒயர் இருந்தால் போதும்.

முதலில், கோளாறு சுவிட்சில்தானா?

இக்னிஷனை ஆன் செய்து, பழைய சுவிட்சிலிருந்து இரண்டு ஒயர்களையும் கழற்றி, முனைகளை ஒன்றோடொன்று தொடவிடுங்கள். காரின் உடம்பில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் ஃப்யூஸ் போய்விடும். இரண்டு பிரேக் லைட்டும் பளிச்சென்று எரிந்தால் சுவிட்ச்தான் குற்றவாளி. எரியவில்லையா? அப்படியானால் பல்பு, ஃப்யூஸ், எர்த் (காரின் உடம்போடு சேரும் ஒயர்) மூன்றையும் பாருங்கள். புது சுவிட்ச் போட்டு அதெல்லாம் சரியாகாது.

லூகாஸ் ஒயரிங் உள்ள பிரிட்டிஷ் கார்களில் பச்சை ஒயர் கரண்ட்டைக் கொண்டுவரும், ஊதாக் கோடு போட்ட பச்சை ஒயர் லைட்டுக்குப் போகும். பல கை மாறிய காராக இருந்தால் நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரை நம்புங்கள்.

எந்த சுவிட்ச் வாங்குவது?

மரையுள்ள உடம்பு, இரண்டு நட்டு, நுனியில் ஸ்பிரிங் வைத்த பிளஞ்சர், அதாவது அழுத்தினால் உள்ளே போகும் சின்னத் தண்டு. இந்த வகைதான் பொருத்த எளிது, அளவு வைக்கவும் எளிது. வாங்கியதும் மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து இரண்டு முனைகளிலும் பிடியுங்கள். பிளஞ்சர் வெளியே நீண்டிருக்கும்போது பீப் அடிக்க வேண்டும், விரலால் அழுத்தியதும் நிற்க வேண்டும். பெடல் ஓய்வில் இருக்கும்போது பிளஞ்சரை அழுத்திக்கொண்டிருக்கும், மிதித்ததும் விலகிப்போகும் என்பதால் இப்படி. ரிவர்ஸ் லைட் சுவிட்சுகளில் பல இதற்கு நேர் எதிராக வேலை செய்யும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் என்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவதும் உண்டு.

இரண்டு 21 வாட் பல்புகளுக்கு 12 வோல்ட்டில் 3.5 ஆம்பியர் ஓடும். நல்ல சுவிட்ச் இதைத் தாங்கும். 6 வோல்ட் கார் என்றால் 7 ஆம்பியர், அதற்கு நடுவில் ஒரு ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இயக்கும் சுவிட்ச்) வைத்துவிடுவது நல்லது. காரில் பாசிட்டிவ் எர்த்தாக (பேட்டரியின் + முனை காரின் உடம்போடு சேர்ந்ததாக) இருந்தாலும் கவலையில்லை, சுவிட்சுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று கிடையாது. எல்இடி பல்புகளுக்குத்தான் அந்தத் தகராறெல்லாம்.

இடம் பார்ப்பது

பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு, டாஷ்போர்டுக்குக் கீழே டார்ச்சோடு தலையை நுழையுங்கள். பெடல் மேலிருந்து தொங்குகிற வகையா? பெடலின் கையை, அதாவது பாதம் வைக்கும் தகட்டைத் தாங்கும் தண்டை, மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். மிதிக்கும்போது அது எஞ்சின் பக்கம் போகும், விட்டதும் உங்கள் பக்கம் திரும்பும். சுவிட்ச் இருக்க வேண்டியது அது திரும்பி வரும் பக்கத்தில், பிளஞ்சர் முன்னோக்கிப் பார்த்தபடி. கீல் அச்சுக்கு மேலேயும் கை நீண்டிருந்தால் அந்தப் பகுதி எதிர்த் திசையில் நகரும் என்பதை மறக்காதீர்கள்.

மைனர், பீட்டில் மாதிரி தரையிலிருந்து முளைக்கும் பெடல் என்றால் இடம் கொஞ்சம் இடக்கு. அங்கே ஸ்பிரிங்கால் இழுத்துவிடும் வகை சுவிட்ச் வசதிப்படலாம். காருக்கு அடியில் வைத்தால் தண்ணீரும் சேறும் படாத மறைவு தேட வேண்டும்.

பிராக்கெட்

2 முதல் 3 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகட்டில் ஒரு எல் வடிவ பிராக்கெட் செய்யுங்கள். நேரே தகட்டை வெட்டாதீர்கள். முதலில் அட்டையில் வெட்டி, மடக்கி, இடத்தில் வைத்து, பெடலை ஆட்டிப் பார்த்து, சரியாக வந்ததும் அதைத் தகட்டின் மேல் வைத்து வரையுங்கள். மெல்லிய அலுமினியம் வேண்டாம், வளைந்து கொடுத்தால் அளவு மாறிக்கொண்டே இருக்கும். பிராக்கெட்டைப் பிடிக்க ஏற்கெனவே பெடல் பாக்ஸில் இருக்கும் போல்ட்டைப் பயன்படுத்துங்கள், ஸ்பிரிங் வாஷரோடு. பெடலின் கையில் மட்டும் எக்காரணம் கொண்டும் ஓட்டை போடாதீர்கள். காரை நிறுத்துகிற பலம் முழுதும் அதன் வழியாகத்தான் போகிறது.

அளவு வைப்பது

இந்த வேலையில் ஆபத்து இருக்கும் ஒரே இடம் இதுதான். அதனால் நிதானமாகச் செய்யுங்கள்.

மாஸ்டர் சிலிண்டருக்குள், அதாவது பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தித் தள்ளும் உருளைக்குள், ஒரு சின்னத் துளை உண்டு. பெடல் முழுதாகத் திரும்பினால்தான் அது திறக்கும். சூட்டில் விரியும் ஆயில் அதன் வழியாகத்தான் தொட்டிக்குத் திரும்பும். புது சுவிட்ச் பெடலைக் கொஞ்சம் முன்னாலேயே தடுத்து நிறுத்திவிட்டால் துளை மூடியே கிடக்கும். ஓட ஓட ஆயில் சூடேறி, போக வழியில்லாமல், பிரேக் தானாகவே பிடிக்க ஆரம்பிக்கும்.

ஆகவே சுவிட்சை மாட்டும் முன்பே, தரையிலிருந்து பெடலின் உயரத்தை ஸ்கேலில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் சுவிட்சைத் திருகி, அதன் உடம்பு பெடலின் கையைத் தொடும் வரை கொண்டுபோங்கள். அங்கிருந்து 1 முதல் 2 மில்லிமீட்டர் பின்னால் எடுத்து இரண்டு நட்டையும் இறுக்குங்கள். இப்போது பெடலைத் தொடுவது பிளஞ்சர் மட்டுமே. திரும்ப அளந்து பாருங்கள், பெடலின் உயரம் பழைய அளவிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் பின்னால் எடுங்கள்.

லைட் எப்போது எரியும் என்பதையும் கணக்குப் போடலாம். சுவிட்ச் கீல் அச்சிலிருந்து 5 சென்டிமீட்டரிலும் பாதம் வைக்கும் இடம் 25 சென்டிமீட்டரிலும் இருந்தால், பிளஞ்சரின் 2 மில்லிமீட்டர் பாதத்தில் 10 மில்லிமீட்டர். அது சரியான அளவு. 20, 25 என்று போனால் சுவிட்சை அச்சிலிருந்து தள்ளி வைத்துப் பாருங்கள்.

ஒயரிங்

பழைய ஒயரை வெட்ட வேண்டாம். அதே முனைகளில் மாட்டும்படி இரண்டு புது ஒயர்கள், 1.5 சதுர மில்லிமீட்டர், உள்ளே கொண்டுவந்தால் போதும். தகட்டுச் சுவரைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். பெடலும் ஸ்டியரிங் தண்டும் அசையும் பாதையில் ஒயர் தொங்கக்கூடாது.

பழைய சுவிட்சை என்ன செய்வது? கசியவில்லை என்றால் ஒயர் இல்லாமல் அப்படியே இருக்கட்டும் என்பேன். கழற்றினால் அந்த மரைக்கு ஏற்ற மூடி போட்டு, பிரேக்கை முழுதாக ஏர் எடுக்க (ஆயில் லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற) வேண்டும், புதிதாகச் செய்கிறவர்களுக்கு அது தேவையில்லாத தலைவலி. கசிந்தால் மட்டும் வேறு வழியில்லை. சிலர் இரண்டு சுவிட்சையும் இணையாக இணைத்து, ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று வைத்துக்கொள்வார்கள். அதுவும் நல்ல யோசனைதான். ஆனால் ஒன்று செத்துப்போனால் உங்களுக்குத் தெரியாது. சில இரட்டைச் சுற்று பிரேக் (இரண்டு தனித்தனி ஆயில் பாதைகள் உள்ள பிரேக்) கார்களில் பழைய சுவிட்சில் மூன்றாவது முனை ஒன்று எச்சரிக்கை விளக்குக்குப் போகும். அப்படி இருந்தால் உங்கள் காரின் ஒயரிங் வரைபடத்தைப் பார்க்காமல் அந்த சுவிட்சிலிருந்து எதையும் கழற்றாதீர்கள்.

சோதனை

பேட்டரியை மாட்டி, காரின் பின்பக்கத்தை ஒரு சுவரைப் பார்த்து நிறுத்தினால் உதவிக்கு ஆள் வேண்டாம், வெளிச்சம் சுவரில் தெரியும். பெடலைக் கையால் லேசாகத் தள்ளுங்கள், எரிய வேண்டும். விட்டதும் அணைய வேண்டும். மேடுபள்ளத்தில் போகும்போது லைட் மினுக்கினால் சுவிட்சை அரைச் சுற்று முன்னால் திருகி, பெடலின் உயரத்தை மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களைக் கையால் சுற்றிப் பாருங்கள். கிளம்பும் முன் எவ்வளவு லேசாகச் சுற்றியதோ அவ்வளவு லேசாகச் சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது சுவிட்சின் இடைவெளியைத்தான்.