வீட்டுக் கொட்டகைக்கு ஏற்ற மலிவான காற்றுக் கருவிகள்: என் அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டுக் கொட்டகையில், காரின் சக்கர நட்டுகளைக் கழற்ற வாங்கிய விலை குறைந்த 1/2 அங்குல இம்பேக்ட் ரெஞ்ச் (காற்றழுத்தத்தால் தட்டித் தட்டி நட்டைத் திருகும் கருவி), காற்றை அழுத்தித் தொட்டியில் சேர்க்கும் கம்ப்ரசரின் மானி 90 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) காட்டியபோதும் திணறியது. விசையை அழுத்தியதும் 1/4 அங்குல உள்விட்டமுடைய நீண்ட குழாயில் அழுத்தம் சரிந்துவிடுவதை, ரெஞ்சின் வாயில் ஒரு மானியைப் பொருத்தி உறுதிசெய்துகொண்டேன். நீளம் குறைந்த 3/8 அங்குலக் குழாயையும் அதற்கேற்ற இணைப்பியையும் மாற்றியதும் நட்டுகள் கழன்றன.

ஆகவே, விலையைப் பார்க்குமுன் கருவி நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றைக் கேட்கிறது என்று பாருங்கள். ரெஞ்ச் விட்டுவிட்டு இயங்குவதால் சிறிய தொட்டியே தாங்கும். பரப்பைத் தேய்த்து வழவழப்பாக்க இடைவிடாமல் சுழலும் சாண்டருக்கு அது போதாது என்பதால், அதை மின்கருவியாக வாங்குவதே சிக்கனம் என்பேன். நம் ஊர் ஈரக்காற்றில் தொட்டியில் நீர் விரைவாகச் சேரும். வேலை முடிந்ததும் அதை வடித்துவிட்டு, ரெஞ்சின் காற்றுவாயில் சில துளி எண்ணெய் விடுகிறேன்.