பால் கட்டிய மார்பைப் பிசையாதீர்கள்

மகனுக்கு மூன்றாம் மாதம். அவனை ஏற்காட்டில் அம்மாவிடம் விட்டுவிட்டுச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வளைகாப்புக்கு மலையிறங்கினேன். ஆறு மணி நேரம் பால் கொடுக்கவில்லை, பீய்ச்சவும் இல்லை. புது ஜாக்கெட் வேறு இறுக்கம். திரும்பும்போது இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் இடது மார்பு கல்லாகிவிட்டது. ராத்திரி உடம்பு வெடவெடவென நடுங்கியது. மலைக்குளிர் என்று நினைத்தேன், காய்ச்சல் 101.

அம்மா விளக்கெண்ணெய் தடவி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, அழுத்திப் பிசைந்துவிட்டார். விடிந்தபோது வீக்கம் இரண்டு மடங்கு. கிராம சுகாதார செவிலியர் வந்தவுடன் முதலில் அம்மாவின் கையைத்தான் விலக்கினார். பால் குழாய்க்குள் எதுவோ அடைத்திருப்பதாக நினைத்துப் பிசைகிறோம். உண்மையில் சுற்றியுள்ள சதை வீங்கிக் குழாயை நெரிக்கிறது. பிசையப் பிசைய இன்னும் வீங்கும். வேண்டுமானால் விரல் நுனியால் அக்குள் பக்கமாகப் பூனையைத் தடவுவதுபோல் வருடலாம், அவ்வளவுதான்.

வலிக்குக் கேட்டது ஐஸ். "மார்கழியில ஐஸ் வெச்சா ஜன்னி கண்டுரும் கண்ணு" என்று அம்மா ஓர் ஆட்டம் ஆடித் தீர்த்தார். துண்டில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம், பால் கொடுத்த பிறகு வைத்தேன். ஒன்றும் கண்டுவிடவில்லை.

மாத்திரையில் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் இரண்டுமே பால் கொடுப்பவர்களுக்கு ஆகும். ஐபுப்ரோஃபெனை வெறும் வயிற்றில் போடக்கூடாது. அல்சர், ஆஸ்துமா இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

பாலை நிறுத்தாதீர்கள். அந்தப் பால் குழந்தையை ஒன்றும் செய்யாது. கொஞ்சம் உப்புக் கரிக்கும். என் மகன் முகத்தைச் சுளித்துவிட்டுத்தான் குடித்தான். வலி தாங்காவிட்டால் நல்ல பக்கத்தில் ஆரம்பித்து, பால் இறங்கியதும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் காலியாக்குகிறேன் என்று பம்ப் போட்டு உறிஞ்சினால் உடம்பு இன்னும் அதிகமாகச் சுரக்கும். குழந்தை கேட்கிற அளவு போதும்.

மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டச் சொல்வார்கள். அது பாலையே வற்ற வைக்கும், வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதை ஆராய்ந்து 1988-ல் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். தொடர்ந்து பால் கொடுக்க நினைப்பவர்கள் பூவைத் தலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது, புறங்கையால் தொட்டுச் சூடு பாருங்கள். ஒரு நாளில் காய்ச்சலும் வலியும் குறையாவிட்டால், காம்பு வெடித்துச் சீழ் தெரிந்தால், டாக்டரிடம் போய்விடுங்கள். நடுக்கம் கூடிக்கொண்டே போனால் அந்த ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். மலையில் இருப்பவர்கள் இதைக் கடைசி பஸ் போனபிறகு யோசிக்கக்கூடாது. ஆன்டிபயாடிக் கொடுத்தால் வலி போனாலும் முழுக்கச் சாப்பிட்டு முடியுங்கள். அப்புறமும் கட்டி கரையவில்லை என்றால் ஸ்கேன் பார்ப்பார்கள். சீழ் கோத்திருந்தால் ஊசியால் எடுக்க வேண்டியிருக்கும்.

எனக்கு அதுவரை போகவில்லை. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, அந்தப் புது ஜாக்கெட்டின் பக்கத் தையலைப் பிரித்தேன்.