மாலை வகுப்பு நடத்துவது எப்படி: எஸ்டேட், தறி, பட்டறைத் தொழிலாளர்களுக்கு

சேர்வராயன் மலை காப்பி எஸ்டேட்டுகளிலும், சேலம் அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி தறிக்கூடங்களிலும், செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளிலும் வேலை செய்பவர்களுக்கு எழுத்தறிவு வகுப்போ, பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்குத் தேர்வு வகுப்போ தொடங்க நினைக்கும் தன்னார்வலர்களுக்காக இதை எழுதுகிறோம். இப்படித் தொடங்கும் வகுப்புகளில் பல, இரண்டாம் மாதமே காலியாகிவிடும். பாடம் கடினம் என்று யாரும் நிற்பதில்லை. வகுப்பு நேரமும் வேலை நேரமும் மோதும்போதுதான் நிற்கிறார்கள். அதனால் புத்தகத்தைத் தேடுவதற்கு முன்னால் நேரத்தை முடிவு செய்யுங்கள்.

மலையில் நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பறிப்பு. அது முடியும்போதே மிளகு தொடங்கி மார்ச் வரை இழுக்கும். இந்த மாதங்களில் புதிதாக யாரையும் சேர்க்காதீர்கள். அடிப்படை எழுத்தும் எண்ணும் கைவர ஒருவருக்குச் சுமார் 200 மணி நேரம் தேவை என்று வைத்துக்கொள்ளலாம். வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் 27 வாரம் ஆகும். ஏப்ரல் முதல் வாரம் தொடங்கினால், மே மாதச் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஒரு வாரம் விட்டும், அக்டோபர் நடுவில் முடித்துவிடலாம். கீழே சேலத்தில் ஆடிப் பண்டிகை வாரத்தில் தறி ஓடாது, வகுப்புக்கும் ஆள் வராது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பட்டறைகளில் வேலை நெருக்கும். இந்த விடுமுறைகளை முதல் நாளே அறிவித்துவிடுங்கள். அறிவித்த விடுமுறை என்றால் திரும்பி வருவார்கள். தானாக நின்ற வகுப்புக்கு யாரும் திரும்பி வருவதில்லை.

நாளில் எந்த நேரம் என்பதைப் பெண்களிடம் கேளுங்கள். ஆறு மணிக்கு அடுப்பு பற்றவைப்பார்கள். ஏழு மணிக்குமுன் எதுவும் நடக்காது, எட்டரையைத் தாண்டவும் கூடாது. மலையில் இருட்டிய பிறகு எஸ்டேட் ஒற்றையடிப் பாதையில் காட்டெருமை நிற்கும். ஆகவே வகுப்பு, தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு நடுவிலேயே இருக்க வேண்டும். பள்ளிக் கட்டடம் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அதை விட்டுவிட்டு, ஒரு திண்ணையைக் கேட்டு வாங்குங்கள். தறிக்காரர்களுக்கு ஒரு வாரம் பகல் ஷிப்டு, அடுத்த வாரம் இரவு ஷிப்டு என்று மாறும். அவர்களுக்கு ஒரே பாடத்தைக் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை நடத்தியே ஆக வேண்டும்.

யாரை எங்கே உட்கார வைப்பது

பதினான்கு வயது ஆகாத பிள்ளை வந்தால் மாலை வகுப்பில் சேர்க்காதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தப் பிள்ளைக்கு வயதுக்கேற்ற வகுப்பில் பள்ளிச் சேர்க்கையும், விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சியும் உண்டு. தலைமையாசிரியரிடம் நேரில் அழைத்துப் போங்கள். வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். நல்லெண்ணத்தில் நடத்தும் மாலை வகுப்பு, பகலில் அந்தப் பிள்ளை வேலை செய்வதற்குச் சாக்காக ஆகிவிடக் கூடாது.

மற்றவர்களில், எழுத்தே தெரியாத பெரியவர்கள் ஒரு வகுப்பு. ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவதில் நின்ற இளைஞர்கள் இன்னொரு வகுப்பு. இரண்டையும் கலந்தால் பெரியவர்களுக்குக் கூச்சம், இளைஞர்களுக்குச் சலிப்பு. யார் எதில் என்று பார்க்க ஆளுக்குப் பத்து நிமிடம் போதும்: தன் பெயரை எழுதுவது, ஒரு பஸ் போர்டைப் படிப்பது, மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பத்தி, ஒரு கழித்தல் கணக்கு. இதைத் தனியாக, அவர்கள் வீட்டு வாசலிலேயே செய்யுங்கள். நாலு பேர் முன்னால் வாசிக்கச் சொன்னால் அடுத்த நாள் வரமாட்டார்கள். ஒரு தன்னார்வலருக்கு எட்டிலிருந்து பத்துப் பேர். அதற்கு மேல் போனால் பின்னால் உட்கார்ந்தவரின் கையைப் பார்க்க முடியாது.

பலகைக்கு முன்னால் கண்

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டப் பார்வை மங்கும். ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுகிறவர் பாடப் புத்தகத்தையும் படிக்க மாட்டார். “எனக்கு மண்டையில ஏறல” என்று சொல்கிறவர்களில் பலருக்கு உண்மையில் எழுத்துத்தான் தெரிவதில்லை. முதல் வாரத்திலேயே அரசு மருத்துவமனையின் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடி பெரும்பாலும் +1 முதல் +2.5 பவருக்குள் அடங்கிவிடும், விலையும் குறைவுதான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு 20 வாட் எல்இடி இரண்டு போடுங்கள், ஒன்று பலகைக்கு மேல், ஒன்று உட்காருபவர்களுக்குப் பின்னால். மலையில் மழை நாளில் கரண்ட் போகும். சார்ஜ் ஏறும் விளக்கு ஒன்று தயாராக இருக்கட்டும்.

எழுத்து

அ, ஆ, இ என்று தொடங்காதீர்கள். தமிழில் 247 எழுத்து. வரிசையாகப் போனால் முதல் மாதம் முடிந்தும் ஒரு சொல்லைப் படித்த சந்தோஷம் இருக்காது. கைக்கு எளிதான வடிவத்திலிருந்து தொடங்குங்கள். ‘ட’ இரண்டு கோடு, ‘ப’ மூன்று கோடு, ‘ம’ அதோடு ஒரு வளைவு. இந்த மூன்றோடு புள்ளியும் துணைக்காலும் சேர்ந்தால் படம், பட்டம், மடம், மாடம், மாமா, பட்டா எல்லாம் வந்துவிடும். மலையில் நிலம் வைத்திருப்பவருக்குப் பட்டா என்ற சொல்லின் எடை தெரியும். முதல் வாரத்திலேயே அவர் தன் வீட்டுப் பட்டாவை எடுத்துவந்து அந்த ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கட்டும். இரண்டாவது வாரம் க, த, ர, ல. மரம், மாதம், பால், கால், தாத்தா என்று அடுத்த கொத்து வரும்.

காப்பி பறித்தும் தறியில் நாடா மாற்றியும் காய்த்த விரலுக்குப் பென்சில் பிடிபடாது. அழுத்தி எழுதி முனை ஒடியும், தாள் கிழியும், அதோடு மனசும் விட்டுப்போகும். முதல் பத்து நாள் சாக்பீஸால் தரையிலோ சிலேட்டிலோ உள்ளங்கை அளவுக்கு எழுதட்டும். பிறகு தடித்த பென்சிலும் இரட்டைக்கோடு நோட்டும்.

உகரத்தில்தான் பெரும்பாலும் வகுப்பு தடுக்கி விழும். மற்ற குறிகள் போல ‘உ’வுக்கு ஒரே வடிவம் கிடையாது. வரிசைப்படி கற்பிக்காமல் கூட்டம் கூட்டமாகப் பிரியுங்கள். சு, பு, யு, வு ஒரு கூட்டம்: அடியில் ஒரு கோடு இறங்கும். து, நு, று, னு, லு, ணு இன்னொன்று: வலப்பக்கம் காலை நீட்டி மேலே தூக்கும். கு, டு, மு, ரு, ழு, ளு மூன்றாவது: சுழித்து முடியும். ஒரு கூட்டத்துக்கு மூன்று நாள் கொடுங்கள், இன்னொன்றோடு கலக்காதீர்கள். புளி, புகை, வயிறு, மிளகு, மாடு என்று அன்றாடச் சொல்லோடு வந்தால் தங்கும். ஊகாரத்தை அதற்கடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கொம்பு. வாய் ‘க’வை முதலில் சொல்லும், கை கொம்பை முதலில் போட வேண்டும். அதனால் ‘க’வை எழுதிவிட்டு, கொம்புக்கு இடமில்லாமல் திணறுவார்கள். “கொம்பு போடுங்க, அப்புறம் க” என்று சொல்லிக்கொண்டே எழுதப் பழக்குங்கள். வாய் சொல்லும் வரிசைக்கே கை போகும்போது பிழை சீக்கிரம் நிற்கும். துணைக்காலை ‘ர’ என்று படிப்பது இன்னொரு வழக்கமான பிழை. பலகையில் துணைக்காலைக் கால் சாய்க்காமல் நேராக எழுதினாலே பாதி சரியாகிவிடும். ண-ன, ல-ள-ழ, ர-ற வேறுபாட்டை முதல் மூன்று மாதம் திருத்தாதீர்கள். ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று எழுதியவர் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். ஒரு பக்கத்தில் ஒன்றோ இரண்டோ பிழையை மட்டும் சுட்டுங்கள், சிவப்பு மையில் பெருக்கல் குறி வேண்டாம். “அக்கா, இந்த ஒண்ண மட்டும் இன்னொரு தடவ எழுதிப் பாருங்க” என்றால் போதும்.

எழுத்துக்கூட்டிப் படிப்பது ஒரு பக்கம் நடக்கட்டும். அதோடு முழுச் சொல்லாக அடையாளம் காணவும் பழக்குங்கள். ஏற்காடு, சேலம், நாகலூர், செம்மநத்தம், வாழவந்தி என்ற பஸ் போர்டுகளைப் படமெடுத்து ஒட்டிவையுங்கள். நூறு நாள் வேலைச் சீட்டு, ரேஷன் கடைப் பலகை, மருந்து அட்டை என்று கையில் கிடைப்பதையெல்லாம் பாடமாக்கலாம்.

கணக்கு

பெரியவர்களுக்கு மனக்கணக்கு வரும். எழுதத்தான் வராது. கிலோ ஐந்து ரூபாய் என்று 62 கிலோ பறித்தால் 310 என்று வாயால் சொல்லிவிடுவார்கள். ஆனால் ‘முந்நூற்றிப் பத்து’ என்பதைக் காதில் கேட்டபடி 30010 என்று எழுதுவார்கள். இதற்கு மருந்து ரூபாய் நோட்டுதான். தரையில் மூன்று கட்டம் போட்டு நூறு, பத்து, ஒன்று என்று தாள்களை வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே ஒரே ஓர் எண்ணை எழுதச் சொல்லுங்கள். பத்து ரூபாய் இல்லாத கட்டத்தில் பூஜ்யம் எழுதுவதை மறந்து 305-ஐ 35 என்று எழுதும் பிழையும் இதே கட்டத்தில் தெளியும்.

கொலுசுப் பட்டறை இளைஞர்களுக்குப் பாடநூல் வரிசை பொருந்தாது. தராசில் 12.350 கிராம் என்று தினமும் பார்ப்பவர்களுக்குப் பின்னத்தைவிடத் தசமம் முன்னால் வரலாம். 12.35-ம் 12.350-ம் ஒன்றுதான் என்பதைத் தராசை வைத்தே காட்டுங்கள். சேதாரத்தில் சதவீதம் தானாக வந்து சேரும்.

கைரேகையிலிருந்து கையெழுத்து

கையெழுத்துப் போடப் பழகியதும் ஒன்றைச் செய்ய மறந்துவிடுவார்கள். இதுவரை கைரேகை வைத்த வங்கிக் கணக்கில் கையெழுத்திட்ட சீட்டைக் கொடுத்தால் திருப்பிவிடுவார்கள். ஆதார், பாஸ்புக், போட்டோவோடு நேரில் போய், கணக்கில் கையெழுத்து மாதிரியைப் பதிந்த பிறகே பணம் எடுக்கும் சீட்டில் கையெழுத்து செல்லும். கையெழுத்து ஒரே மாதிரி விழும்வரை மாதிரி கொடுக்கப் போக வேண்டாம். தினம் பத்து முறை என்று ஒரு மாதம் எழுதினால் படிந்துவிடும். தொகையை எழுத்தால் எழுதும் இடத்தில் திணறுவார்கள். ஐந்நூறு, ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் ஆகிய நான்கை மட்டும் முதலில் மனப்பாடமாக எழுதப் பழக்கினால் பெரும்பாலான தேவைக்குப் போதும்.

சான்றிதழ்

பெரியவர்களுக்குப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் (2022–27) தேர்வு இருக்கிறது. வாசித்தல், எழுதுதல், எண்ணறிவு என மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 50 மதிப்பெண், மொத்தம் 150. ஒவ்வொரு பகுதியிலும் 33 சதவீதம் வேண்டும். பதிவு செய்ய அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள். எண்ணறிவில் நன்றாக வாங்கி எழுதுதலில் குறைவதே அதிகம் நடப்பது. கடைசி மாதத்தில் எழுதுதலுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

இளைஞர்களுக்கு, தேர்வுத்துறை நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வும் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வும் உண்டு. முன்னதற்குப் பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும், பின்னதற்குப் பதினான்கரை. எட்டாவது முடிக்காதவர் முதலில் அதை எழுதுவது நல்லது. பத்தாவதில் ஐந்து பாடம், தேர்ச்சிக்கு 35. அறிவியலில் மட்டும் எழுத்துத் தேர்வில் 75-க்கு 20-ம் செய்முறையில் 25-க்கு 15-ம் தனித்தனியாக வேண்டும். பலர் தவறவிடுவது இங்கேதான்: முதல்முறை எழுதும் தனித்தேர்வர் தேர்வு விண்ணப்பத்துக்கு வெகு முன்பே செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிந்து, அந்த வகுப்புகளுக்குப் போயிருக்க வேண்டும். அந்த அறிவிப்பு செய்தித்தாளில் சின்னதாகத்தான் வரும். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஆண்டுத் தொடக்கத்திலேயே கேட்டுவையுங்கள். ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத முடியாதவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் ஐந்து ஆண்டுக்குள் பாடம் பாடமாகத் தேறும் வழி உண்டு.

மலையாளி என்ற மலைப் பழங்குடியைச் (கேரளத்தவர் அல்ல) சேர்ந்த பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தருவார், விசாரணைக்கு நாள் எடுக்கும். வகுப்பில் சேர்ந்த மாதமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். பழைய மாற்றுச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், இன்ஷியல் வேறு, பிறந்த தேதி வேறு என்று இருப்பது இங்கே சாதாரணம். இரண்டையும் பக்கத்தில் வைத்து முதல் வாரமே ஒப்பிட்டு, ஆதாரில் திருத்தம் தேவையென்றால் அப்போதே தொடங்குங்கள். அரசுத் தேர்வு சேவை மையத்தில் விண்ணப்பத்தைப் பதிவேற்றும் முன், திரையில் தெரியும் பெயரையும் தேதியையும் தேர்வு எழுதுபவரே ஒருமுறை உரக்க வாசிக்கட்டும்.