மூத்தோர் மன்றம்: ஆறே மாதத்தில் கூட்டம் கரைவது ஏன்?

குடியிருப்பில் ஓய்வுபெற்றவர்களுக்கென்று ஒரு மன்றம் தொடங்குவது பெரிய வேலையில்லை. தொடக்க விழாவுக்கு ஹால் நிறைந்துவிடும். ஆறாம் மாதம் பார்த்தால் நிர்வாகிகளும் அவர்கள் கையைப் பிடித்து இழுத்து வந்த நாலு பேரும்தான் இருப்பார்கள். "வயசாயிடுச்சு, முடியல" என்று மற்றவர்கள் சொல்வது பெரும்பாலும் மரியாதைக்கு. மன்றத்தை இன்னோர் ஆபீஸாக மாற்றிவிடுகிறோம், அதுதான் விஷயம்.

முதல் அழைப்பிதழிலேயே இது தெரிந்துவிடும். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் 'கண்காணிப்புப் பொறியாளர் (ஓய்வு)', 'முதுநிலை மேலாளர் (ஓய்வு)'. லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அடுத்த மாதம் வரமாட்டார். குத்துவிளக்கு, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, பொன்னாடை, நன்றியுரை எல்லாம் முடிய மணி ஏழாகிவிடும். பக்கத்து நாற்காலிக்காரரிடம் "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்க நேரமிருக்காது. வந்ததே அதற்குத்தான். மேடையை விட்டுவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். பேச்சாளர் வந்தால் இருபது நிமிடம் போதும். காபியை நடுவில் கொடுங்கள். கடைசியில் கொடுத்தால் குடித்த கையோடு செருப்பைத் தேடுவார்கள்.

அடுத்தது, சேவை ஆசை. மரக்கன்று, ரத்ததான முகாம், இலவச நோட்டுப் புத்தகம், பேப்பரில் படம். நல்ல காரியங்கள்தான், ஆனால் வசூல் தொடங்கியதும் பாதிப் பேர் ஒதுங்குவார்கள். இங்கிலாந்தில் 1960களில் ரோட்டரி சங்கங்களின் ஆதரவில் தொடங்கி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை பரவிய புரோபஸ் மன்றங்கள் ஓய்வுபெற்றவர்களுக்கும் அரை ஓய்வில் இருப்பவர்களுக்குமானவை. நிதி திரட்டுவது அவற்றின் வேலையில்லை. கூடுவது, ஒரு பேச்சைக் கேட்பது, சேர்ந்து சாப்பிடுவது, எங்காவது போய்வருவது, அவ்வளவுதான். நம்மவர்களுக்கு இது சும்மா இருப்பதுபோல் உறுத்தும். உறுத்தட்டும்.

யாரும் பேசாத தவறு, பெண்கள் விஷயத்தில் நடப்பது. 'குடும்ப உறுப்பினர்' என்று கணவர் பெயரில் ஒரே ரசீது போடுவார்கள். வாட்ஸ்அப் குழுவில் இருப்பதும் அவர் எண்தான். அவர் காலமானதும் மகன் அந்த சிம்மை நிறுத்திவிடுவான். அதோடு அந்த அம்மாவுக்குக் கூட்டம் எப்போது என்றே தெரியாது. மன்றம் அவருக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில் மன்றத்துக்கு அவர் யாரோ ஆகிவிடுகிறார். இரங்கல் தீர்மானம் மட்டும் மினிட்ஸ் புத்தகத்தில் அழகாக எழுதியிருக்கும்! தம்பதியாகச் சேர்ந்தாலும் தனித்தனி ரசீது, தனித்தனி எண் என்று முதல் நாளே வைத்துவிடுங்கள்.

நேரத்தையும் தலைவரின் வசதிக்கு வைக்காதீர்கள். நாலு மணிக்குப் பேரன் பள்ளி வேன் வரும். ஆறரைக்கு மேல் கண்புரை உள்ளவர்கள் தெருநாய்களுக்கு நடுவே நடக்க யோசிப்பார்கள். காலை பத்தரை என்றால், இன்னும் டியூஷன் எடுப்பவரும் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதப் போகிறவரும் வரமுடியாது. கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இலவசமாகக் கிடைக்கிறதென்று மாடி ஹாலுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கை வைக்காத பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து முழங்கால் வலிக்காரர் எழுந்திருப்பதை ஒருமுறை பார்த்தால் எந்த நாற்காலி வாங்குவது என்பது புரிந்துவிடும்.

இலவச சர்க்கரைப் பரிசோதனை என்று வருகிறவரோடு, வங்கியைவிட இரண்டு மடங்கு வட்டி தருவதாகச் சொல்லும் ஆசாமியும் வருவார். பணிக்கொடைப் பணம் இருக்கும் கூட்டம் என்பது அவருக்குத் தெரியும். உறுப்பினரின் மைத்துனரே ஆனாலும் மன்றத்தில் எதையும் விற்கக் கூடாது.

கணக்கு வழக்கில் ஒன்றே ஒன்று: வங்கிக் கணக்கைப் பொருளாளர் பெயரில் மட்டும் தொடங்காதீர்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவுசெய்ய ஏழு பேர் இருந்தால் போதும். சங்கத்தின் பெயரில் கணக்கு, மூவரில் எவரேனும் இருவர் கையெழுத்து என்று வைத்தால் ஒருவர் படுத்துவிட்டாலும் பணம் முடங்காது. செயலாளரோ மகளின் பிரசவத்துக்கென்று ஆறு மாதம் அமெரிக்கா போய்விடுவார். மினிட்ஸ் புத்தகமும் ஹால் சாவியும் அவர் வீட்டு பீரோவில் பூட்டிக் கிடக்கும். விசா வந்த அன்றே இரண்டையும் துணைச் செயலாளரிடம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.