லிபர்டேரியனாக இருந்துகொண்டு நிருபர் வேலை பார்ப்பது எப்படி

அரசு எவ்வளவு குறைவாகத் தலையிடுகிறதோ அவ்வளவு நல்லது என்று நம்புகிற ஒருவர், அதாவது ஒரு லிபர்டேரியன், நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ நிருபராகவும் இருந்தால், இந்தக் கொள்கைக்கும் பத்திரிகை தர்மத்துக்கும் ஒத்துப்போகுமா என்ற கேள்வி ஒருநாள் வந்தே தீரும். ஒத்துப்போகும் என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் சில பழக்கங்களை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

லிபர்டேரியனுக்குப் பகை மேலேயிருந்து திணிக்கிற கட்டுப்பாடுதான். பத்திரிகை தர்மம் பெரும்பாலும் நாமாக ஏற்றுக்கொள்வது. 1978 சட்டப்படி இயங்கும் இந்தியப் பத்திரிகை கவுன்சில்கூட எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அபராதம் போட முடியாது. (அப்படியொரு கவுன்சிலே வேண்டாம் என்பது உங்கள் நிலைப்பாடாக இருக்கலாம். சரி, அதன் நெறிமுறைகளை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு வாதிடுங்கள்.)

சிக்கல் செய்தி எழுதும்போதுதான் வரும். மீன்பிடித் தடைக்காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் குமரி மாவட்டத்தில் சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகள் 61 நாள் கரையில் கிடப்பதைப் பார்த்ததும் “உழைக்கிறவனை அரசு தடுக்கிறது” என்ற வரி தானாகக் கைக்கு வரும். அதை நோட்டில் எழுதி, கட்டம் போட்டு, ஓரமாக வையுங்கள், அது உங்கள் கருத்து. அப்புறம் துறைமுகத்துக்குப் போங்கள். படகு உரிமையாளரிடம் பேசியதோடு திரும்பாமல், தடைக்குள் வராத வள்ளக்காரரிடம் போய், விசைப்படகு இழுத்து வரும் பெரிய வலையான இழுவைமடி கரையை ஒட்டி வந்தால் அவர் வலை என்ன ஆகும் என்று கேளுங்கள், மீன் வாங்கி ஊர் ஊராக விற்கிற பெண்களிடமும் கேளுங்கள். மீன்கள் இனம் பெருகும் காலம் என்று மீன்வளத் துறை சொல்லும் காரணத்தைக் குறைக்காமல் எழுதுங்கள். கடலுக்குப் பட்டா கிடையாது, அங்கே ஒருவருடைய சுதந்திரம் இன்னொருவர் வலையைக் கிழிக்கும். இதையெல்லாம் பார்த்த பிறகும் தடை தவறு என்றே தோன்றினால், தனிக் கட்டுரையாக உங்கள் பெயர் போட்டு எழுதுங்கள், செய்திக்குள் ஒளித்து வைக்காதீர்கள்.

பிரஸ் மீட்டில் பணம் வைத்த கவர் நீட்டுவார்கள். கொடுப்பவரும் வாங்குபவரும் சம்மதித்த விஷயம்தானே என்று மனசு சொல்லும். காசு கொடுத்துப் பேப்பர் வாங்குகிற வாசகர் அதற்குச் சம்மதிக்கவில்லை, அவருக்குத் தெரியவே தெரியாது. வாங்காதீர்கள்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நீங்கள் அதைச் செய்யக் கூடாது, ஏனென்றால் ஒருவருடைய உடலும் வாழ்க்கையும் அவருக்கே சொந்தம் என்பதுதான் உங்கள் கொள்கையின் வேரே. 2017 ஒக்கி புயலின்போது கடற்கரை ஊர்களில் அழுதுகொண்டு நின்றவர்களுக்கும் இது பொருந்தும், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

தப்பு வந்துவிட்டால், தப்பு வந்த அதே பக்கத்தில், கண்ணில் படுகிற அளவில் திருத்தம் போடச் சொல்லி ஆசிரியரிடம் நீங்களே போய் நில்லுங்கள், வக்கீல் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.