தப்பு நடந்துருச்சுன்னு வந்து சொன்னா முதல்ல என்ன சொல்லணும்?

டீம் லீடா இருக்கறவங்களுக்கு ஒரு சின்ன விஷயம். யாராவது வந்து "அண்ணா, ஒரு தப்பு நடந்துருச்சு"ன்னு சொன்னா முதல்ல "சொன்னது நல்லதாப் போச்சு"ன்னு சொல்லுங்க, யாரு பண்ணதுன்னு கேக்காதீங்க, எந்த இடத்துல ஆச்சுன்னு கேளுங்க. நான் திருப்பூர்ல தையல் லைன் சூப்பர்வைசரா இருந்தப்ப ஒரு பொண்ணு சைஸ் லேபிள் மாறிப்போனத காலைலயே பாத்துட்டா, நான் கத்துவேன்னு பயந்து சாயங்காலம் வரைக்கும் வாயே திறக்கல, அதுக்குள்ள 400 பீஸ் முடிஞ்சு எல்லாத்தையும் பிரிச்சுத் தைச்சோம், அந்தப் புள்ள அழுதது இன்னும் மனசுல நிக்குது. டொயோட்டா ஃபேக்டரில தப்பு கண்ணுல பட்டா எந்த தொழிலாளியும் லைன் பக்கத்துல இருக்கற கயித்த இழுக்கலாம், இல்ல பட்டன அமுக்கலாம், லீடர் உடனே வருவாரு, சரியாகலன்னா லைனே நிக்கும். அப்புறம் மறுநாள் டீ டைம்ல, தப்ப வந்து சொன்னவங்ககிட்ட ரெண்டு நிமிஷம் பேசுங்க, வேலையப் பத்தி வேணாம், வீட்ல எப்படி இருக்காங்கன்னு கேளுங்க.